வான்கோழி நெஞ்சுக்கறி: உப்பு முதல் நாள், எலுமிச்சைச் சாறு கடைசி நிமிடம்

கேள்வி இதுதான். போன தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்காவின் நன்றியறிதல் நாள்) விருந்துக்கு எலும்போடு கூடிய ஆறு பவுண்டு வான்கோழி நெஞ்சுக்கறி வாங்கியிருக்கிறீர்கள். மூன்று எலுமிச்சையின் சாறு, பூண்டு, ஆறு கொத்து ரோஸ்மேரி, தைம் தழை எல்லாம் சேர்த்து இரவு முழுக்க ஊறவைத்து, மறுநாள் ஓவனில் ஏற்றி, கறியில் செருகியே வந்த பிளாஸ்டிக் குச்சி மேலே எழும்பும் வரை வேகவிட்டிருக்கிறீர்கள். மேல்புறம் வெளிறி மாவுமாவாக உதிர்ந்தது. உள்ளே நார்நாராக வறண்டிருந்தது. இத்தனைக்கும் எலுமிச்சை மணம் கொஞ்சமும் இல்லை. இந்த ஆண்டு எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள், எதை மாற்றுவது, ஏர் ஃபிரையரில் செய்யலாமா என்று கேட்கிறீர்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊறவைக்க வேண்டியது உப்பில்தான்; எலுமிச்சைச் சாற்றில் அல்ல. ஓவனுக்குள் எலுமிச்சையின் தோல் துருவல் போகலாம், சாறு போகவேண்டாம். சாறு கறியை இறக்கி அறுத்த பிறகு. வெந்ததா என்பதை அந்தக் குச்சியிடமும் கேட்காதீர்கள், கடிகாரத்திடமும் கேட்காதீர்கள். பதினைந்து டாலருக்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வான்கோழி என்றாலே வறட்சி என்று பழி சுமத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் சறுக்கியவர்கள்தான். நீங்கள் மூன்றிலும் சறுக்கியிருக்கிறீர்கள். ஆகையால் இந்த முறை கிடைக்கப்போகும் மாற்றமும் பெரிதாகவே இருக்கும்.

எலுமிச்சைச் சாற்றில் ஊறவைக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. நம் சமையலில் கோழி என்றால் தயிரோ எலுமிச்சையோ பிழிந்து பிசறி வைப்பது கை போகிற போக்கில் செய்வது. அங்கே அது சரிதான்: துண்டுகள் சிறியவை, ஊறுவது கொஞ்ச நேரம், பிறகு எண்ணெயில் பொரிக்கிறோம் அல்லது மசாலாவில் புரட்டுகிறோம். மேல்புறம் கொஞ்சம் கெட்டியானாலும் தெரியாது. இங்கே இருப்பது இரண்டே முக்கால் கிலோ எடையுள்ள ஒரே பிண்டம். புளிப்பு அதற்குள் சில மில்லிமீட்டர் தாண்டிப் போகாது. போகிற அந்தச் சில மில்லிமீட்டரில் என்ன செய்கிறது என்றால், நெருப்பு செய்யவேண்டிய வேலையை முன்கூட்டியே செய்துவிடுகிறது. எலுமிச்சைச் சாற்றின் அமிலத்தன்மை பி.எச். 2-க்குச் சற்று மேல்; அதில் கிடந்தால் இறைச்சியின் புரதம் சூடே இல்லாமல் திரிந்து வெளுக்கும். தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டு செவிச்சே செய்வது இந்த வித்தையை வைத்துத்தான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சாற்றில் கிடந்த கறியை அதற்கு மேல் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால், வெளிப்புறம் இரண்டு முறை வெந்த கறியாகிவிடும். உங்களுக்கு மாவுமாவாக உதிர்ந்தது அந்தப் பகுதிதான்.

இன்னொரு கேடும் உண்டு. கோழியின் தோல் பொன்னிறமாவதற்குக் காரணமான வேதிவினை புளிப்பான பரப்பில் மெதுவாகத்தான் நடக்கும். சாற்றில் நனைந்த தோல் முதலில் காயவேண்டும், பிறகு புளிப்பையும் மீறிச் சிவக்கவேண்டும். அது சிவப்பதற்குள் உள்ளே கறி காய்ந்துவிடும்.

மணம் ஏன் வரவில்லை? எலுமிச்சையில் நமக்கு மணப்பது பெரும்பாலும் தோலில் இருக்கும் எண்ணெய். லிமோனீன் அதில் முதன்மையானது. சாற்றில் இருப்பது புளிப்பு, கொஞ்சம் இனிப்பு, எளிதில் பறந்துவிடும் சிறிது வாசனை. ஓவனில் இரண்டு மணி நேரம் இருந்தால் அந்த வாசனை வீட்டுக்குள் பரவிவிடும், கறியில் தங்காது. தோல் எண்ணெயோ கொழுப்பில் கரையக்கூடியது. வெண்ணெயோடு சேர்த்துக் கோழித் தோலுக்கு அடியில் வைத்துவிட்டால் தப்பித்துப் போக வழியில்லாமல் அங்கேயே இருக்கும். அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் எலுமிச்சை, பெரும்பாலும் யுரேகா அல்லது லிஸ்பன் வகை, இதற்கென்றே பிறந்தது போலத் தடித்த தோல் கொண்டது. துருவும்போது மஞ்சள் பகுதியோடு நிறுத்துங்கள். அதன் கீழே உள்ள வெள்ளை கசக்கும். கடைப் பழத்தின் மேல் பளபளப்புக்காக மெழுகு பூசியிருப்பார்கள். சுடுதண்ணீரில் போட்டுத் தேய்த்துத் துடைத்துவிட்டுத் துருவுங்கள். நம் ஊர்ச் சிறிய எலுமிச்சைதான் கைவசம் இருக்கிறது என்றால் சாற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அதன் மெல்லிய தோலைத் துருவப் போனால் வெள்ளையும் சேர்ந்தே வரும்.

இனி கறிக்கு வருவோம். அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டில் நீங்கள் வாங்குவது அநேகமாக அகன்ற நெஞ்சு வெள்ளை என்ற இனத்தின் கறி. நெஞ்சுச் சதைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில், அந்தப் பறவையால் இயல்பாக இணைசேரவே முடியாமல் போய், இன்று செயற்கைக் கருவூட்டலில்தான் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். காட்டு வான்கோழியாவது ஆபத்து வந்தால் மரக்கிளைக்குப் பறந்து ஏறும். இது நடப்பதோடு சரி. பறக்காத பறவையின் நெஞ்சுத் தசைக்கு வேலை குறைவு. ஆகவே நிறமும் வெளுப்பு, கொழுப்பும் மிகக் குறைவு, தசைநாரைச் சுற்றிக் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுவும் அதிகமில்லை. காலோ நாளெல்லாம் நடக்கிற தசை. அதில் கொலாஜன் நிறைய. அது இளகிப் பசையாக 175 டிகிரிக்கு மேல் வேகவேண்டும். நெஞ்சை அந்தச் சூடு வரை விட்டால் முடிந்தது கதை. முழு வான்கோழியில் இந்த இரண்டையும் ஒரே ஓவனில், ஒரே நேரத்தில் சரிக்கட்டுவது ஆண்டுதோறும் அமெரிக்காவே படும் பாடு. நீங்கள் நெஞ்சை மட்டும் வாங்கியது நல்ல முடிவு. இந்த ஆண்டும் அதையே செய்யுங்கள். எலும்போடு வாங்கினால் தலைக்கு முக்கால் பவுண்டு கணக்கு. எட்டுப் பேருக்கு ஆறு பவுண்டு போதும்.

இங்கே நான் சொல்லும் டிகிரி எல்லாம் அமெரிக்க ஓவனில் இருக்கிற பாரன்ஹீட். அமெரிக்க வேளாண்மைத் துறை கோழியினக் கறிக்குச் சொல்வது 165, அதாவது 74 செல்சியஸ். அந்தச் சூட்டில் சால்மோனெல்லா கிருமி கண நேரத்தில் செத்துவிடும் என்பதால் எல்லோருக்கும் நினைவிருக்க ஒரே எண்ணாகச் சொல்கிறார்கள். ஆனால் கிருமி சாவது சூட்டை மட்டும் பொறுத்ததல்ல, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதையும் பொறுத்தது. அதே துறை உணவுத் தொழிற்சாலைகளுக்காக வெளியிட்ட அட்டவணையில், 150 டிகிரியில் நான்கைந்து நிமிடம் நின்றாலே வான்கோழிக் கறியில் அதே அளவு கிருமி ஒழிந்துவிடும் என்று இருக்கிறது. மறுபக்கம் பார்த்தால், தசையின் முக்கியப் புரதங்களில் ஒன்றான ஆக்டின் 150-க்கும் 163-க்கும் இடையில்தான் சுருங்கத் தொடங்குகிறது. அது சுருங்கச் சுருங்கத் தசை தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். 170-ஐத் தாண்டிய நெஞ்சுக்கறியை எந்தக் கிரேவியாலும் காப்பாற்ற முடியாது.

அதனால் நான் சொல்வது: மிகத் தடித்த இடத்தில் 160 காட்டியதும் வெளியே எடுத்துவிடுங்கள். இவ்வளவு பெரிய துண்டில் வெளிப்புறச் சூடு உள்ளே நகர்ந்துகொண்டே இருக்கும். மேசையில் இருக்கும்போதே இன்னும் ஐந்து டிகிரி ஏறி 165-ஐத் தொடும். தொடுகிறதா என்று தெர்மாமீட்டரை எடுக்காமல் விட்டே பாருங்கள். தொடாவிட்டால் திரும்ப ஓவனில் வையுங்கள், அவமானம் ஒன்றுமில்லை. பந்தியில் கர்ப்பிணியோ வயதானவர்களோ கைக்குழந்தையோ இருந்தால் 165-ஐக் கண்ணால் பார்க்காமல் அறுக்கவே வேண்டாம். 150-இல் இறக்கும் சமையற்காரர்கள் உண்டு. அந்தக் கறி சாறு நிறைந்து நன்றாகவே இருக்கும். ஆனால் எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் நின்றது என்று கவனிக்கிற பொறுமை வேண்டும், விருந்து நாளில் அந்தப் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

அந்தப் பிளாஸ்டிக் குச்சிக்குள் இருப்பது ஒரு சுருள்வில். குறிப்பிட்ட சூட்டில் உருகும் ஏதோ ஒன்று அதை அழுத்திப் பிடித்திருக்கும். உருகியதும் வில் விடுபட்டுக் குச்சி எழும்பும். பச்சையாகப் பரிமாறிவிடக் கூடாது என்பது மட்டுமே அதன் கவலை. அது செருகியிருக்கும் ஒரு இடத்தைத்தான் அது அறியும். குச்சி எழும்பும்போது கறி வெந்து, தாண்டியும் போயிருக்கும். வேகும் முன் அதைப் பிடுங்கினால் ஓட்டை வழியாகச் சாறு ஒழுகும். இருந்துவிட்டுப் போகட்டும், பேச்சை மட்டும் கேட்காதீர்கள்.

தெர்மாமீட்டரை வாங்கியதும் ஒரு குவளையில் பனிக்கட்டியை நிரப்பித் தண்ணீர் ஊற்றி, முனையை அதில் விட்டுப் பாருங்கள். 32 காட்டவேண்டும். 36 காட்டினால் நான்கைக் கழித்துக்கொள்ளுங்கள். கறியில் செருகும்போது மேலிருந்து குத்தவேண்டாம். கழுத்துப் பக்கத்திலிருந்து, நெஞ்செலும்புக்கு இணையாகப் படுக்கைவாட்டில் உள்ளே விடுங்கள். எலும்பில் முனை பட்டால் எண் பொய் சொல்லும். இரண்டு பக்கமும், இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள். கிடைப்பவற்றில் எது குறைந்த எண்ணோ அதுதான் உண்மையான எண்.

கடையில் வாங்கும்போது சிட்டையில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். இத்தனை சதவீதம் உப்புக் கரைசல் சேர்க்கப்பட்டது என்று இருந்தால், உறைந்த நிலையில் விற்பவற்றில் பெரும்பாலும் இருக்கும், அந்தக் கறிக்கு ஏற்கெனவே ஊசி போட்டு உப்பேற்றியாகிவிட்டது. அதற்கு மேல் நீங்கள் உப்பில் ஊறவைத்தால் உப்புக்கண்டம்தான். கோஷர் (யூத உணவு முறைப்படி பதப்படுத்தியது) என்று விற்பதும் உப்பிட்டுக் கழுவியதே. உப்பேற்றாத கறி கிடைத்தால் அதையே வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் உப்பின் அளவு உங்கள் கையில் இருக்கும், கறியும் நீர்கோத்த பஞ்சாக இருக்காது.

உறைந்ததை இளக்க ஃபிரிட்ஜில் நான்கைந்து பவுண்டுக்கு ஒரு முழு நாள் ஆகும். தேங்க்ஸ்கிவிங் எப்போதும் நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை. ஆகவே ஞாயிறு இரவு ஃப்ரீசரிலிருந்து எடுத்து, ஒழுகும் நீரைப் பிடிக்க ஒரு தட்டில் வைத்து ஃபிரிட்ஜின் அடித்தட்டில் வையுங்கள். செவ்வாய் இரவு இளகியிருக்கும். மறந்துபோய்ப் புதன்கிழமைதான் நினைவு வந்தது என்றால், உறை பிரிக்காமல் குளிர்ந்த நீரில் அமிழ்த்தி அரை மணிக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரை மணி. சமையல் மேடையில் இரவெல்லாம் வெளியே வைத்து இளக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கழுவவும் வேண்டாம். கறியைக் கழுவாமல் சமைப்பது நம் மனத்துக்கு ஒப்பாது என்பது தெரியும். ஆனால் கழுவும்போது தெறிக்கிற நீர், பக்கத்தில் சாலடுக்கு நறுக்கி வைத்த வெள்ளரிக்காயில் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பேப்பர் துண்டால் ஒற்றி எடுத்தால் போதும்.

இனி உப்பு. தண்ணீரில் உப்பைக் கரைத்துக் கறியை மூழ்கடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. எனக்கு அதில் விருப்பமில்லை. வாளி வேண்டும், ஃபிரிட்ஜில் இடம் வேண்டும், கறி குடிக்கிற தண்ணீரால் சுவை நீர்த்துப்போகும், தோலும் நனைந்துவிடும். வெறும் உப்பைத் தேய்த்து வைப்பதே மேல். கிலோவுக்கு எட்டு கிராம். ஆறு பவுண்டுக்கு 22 கிராம் சுமார். சமையலறைத் தராசு இருந்தால் நிறுத்துவிடுங்கள். கரண்டிக் கணக்கில் போனால் எந்த உப்பு என்பது முக்கியம்: ஒரு டீஸ்பூன் சாதாரணத் தூள் உப்பு ஆறு கிராம் இருக்கும், டைமண்ட் கிரிஸ்டல் என்ற பெரிய பரல் கோஷர் உப்பு அதில் பாதிதான். அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் உப்பு கரிக்கிறது, உப்பே இல்லை என்று வருகிற புகார்களில் பாதி இந்த இடத்தில் பிறப்பவை.

செவ்வாய் இரவோ புதன் காலையோ, உப்பில் பெரும்பகுதியைத் தோலுக்கு அடியில் சதை மேலேயே தேய்த்து, மீதியை எலும்புப் பக்கம் தூவி, மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் கறி நீர்விட்டு உப்பைக் கரைக்கும். பிறகு அந்த உப்புநீரைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன உப்பு தசைப் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்திவிடுவதால், வேகும்போது அது பழையபடி இறுகிப் பிழியாது. உப்பு ஒன்றுதான் ஒரு நாளில் இப்படி ஆழமாகப் போகக்கூடியது. ரோஸ்மேரியும் பூண்டும் மிளகும் எத்தனை நாள் கிடந்தாலும் மேற்பரப்பில்தான் நிற்கும். மூடாமல் வைப்பதன் லாபம் தோலுக்கு: ஃபிரிட்ஜின் காற்றில் அது காய்ந்து காகிதம்போல் ஆகிவிடும், ஓவனில் போனதும் மொறுமொறுக்கும்.

வியாழன் அன்று வெண்ணெய். உப்பில்லாத வெண்ணெய் நான்கு டேபிள்ஸ்பூன், அமெரிக்கக் கணக்கில் அரை ஸ்டிக். வெளியே வைத்து இளகவிட்டு, இரண்டு எலுமிச்சையின் தோல் துருவல், ஒரு டேபிள்ஸ்பூன் தைம் இலை, இரண்டு டீஸ்பூன் பொடியாக நறுக்கிய ரோஸ்மேரி, நான்கைந்து சேஜ் இலை, துருவிய பூண்டு இரண்டு பல், புதிதாகப் பொடித்த மிளகு போட்டுக் குழைத்துக்கொள்ளுங்கள். மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். நெஞ்சின் அகன்ற கழுத்துப் பக்கத்தில் தோலின் ஓரத்தைத் தூக்கி, இரண்டு விரலை உள்ளே விட்டு, உள்ளங்கைப் பக்கம் சதையைப் பார்த்திருக்கும்படி மெல்ல முன்னேறுங்கள். பக்கவாட்டில் தோல் எளிதில் பிரியும். நடுவில், நெஞ்செலும்பின் முகட்டில், ஒரு மெல்லிய சவ்வு பிடித்திருக்கும். அங்கே அவசரப்பட்டால் தோல் கிழிந்துவிடும். அதை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் தனித்தனிப் பையாகத் திறந்துகொள்வது நல்லது. உப்புத் தேய்க்கும் நாளிலேயே இந்தப் பையைத் திறந்திருப்பீர்கள் என்பதால் இப்போது வேலை சுலபம். வெண்ணெயைக் கரண்டியால் உள்ளே தள்ளிவிட்டு, வெளியிலிருந்து தோலின் மேல் தடவித் தடவி ஓரம் வரை பரப்புங்கள். தோலின் மேலே வெண்ணெய் வேண்டாம், ஆலிவ் எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும். பூண்டும் தழையும் தோலுக்கு மேலே இருந்தால் கருகிக் கசக்கும். அடியில் இருந்தால் பத்திரம்.

தழைகளைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்கர்களுக்குத் தேங்க்ஸ்கிவிங் வாசனை என்றால் அது சேஜ். பாஸ்டனில் 1867 முதல் விற்பனையாகும் பெல்ஸ் என்ற பொடி, மஞ்சள் பெட்டியில் நீல வான்கோழிப் படம் போட்டது, இன்றும் நவம்பரில் கடை அலமாரியில் முன்வரிசைக்கு வந்துவிடும். ரோஸ்மேரி, ஆரிகானோ, சேஜ், மார்ஜோரம், தைம், மிளகு என்ற வரிசையில் சுக்கும் இருக்கும். சேஜ், ரோஸ்மேரி, தைம் மூன்றும் நம் துளசியின் குடும்பம். வெயிலைத் தாங்கும் கெட்டி இலைகள் என்பதால் ஓவன் சூட்டையும் தாங்கும். ஆனால் ரோஸ்மேரியில் கற்பூரமும், யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கிற அதே சினியோலும் உண்டு. கை தாராளமானால் விருந்தில் தலைவலித் தைலம் மணக்கும். நீங்கள் போன முறை போட்டதாகச் சொன்ன ஆறு கொத்து இந்த வெண்ணெய்க்கு மிக அதிகம். மேலே சொன்ன இரண்டு டீஸ்பூனே போதும். தைம் அப்படியில்லை, இரண்டு மடங்கு போட்டாலும் பொறுத்துக்கொள்ளும். எலுமிச்சையோடு மிகவும் ஒத்துப்போவதும் அதுதான். ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் தைம் வாங்குங்கள். காய்ந்த தழை என்றால் மூன்றில் ஒரு பங்கு. பார்ஸ்லி வேறு சாதி, கொத்தமல்லியின் உறவு. சூட்டில் மணம் இழந்துவிடும். அறுத்து அடுக்கிய பிறகு தூவ வைத்திருங்கள்.

ஓவனை 425-க்குச் சூடாக்குங்கள். பாத்திரத்தின் அடியில் நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி பரப்பி ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள். இல்லாவிட்டால் ஒழுகும் வெண்ணெய் கருகிப் புகைந்து, சமையலறையின் புகை எச்சரிக்கைக் கருவி விருந்தினரை வரவேற்கும். மேலே கம்பித் தட்டு, அதன் மேல் தோல் மேலாகக் கறி. எலுமிச்சையை வட்டவட்டமாக வெட்டிக் கறிக்கு அடியில் அடுக்கும் படங்களை எல்லா இடத்திலும் பார்க்கலாம். பார்க்க அழகு, ஆனால் இரண்டு மணி நேரம் வெந்த வெள்ளைத் தோலின் கசப்பு முழுவதும் கிரேவியில் இறங்கும். அதைத் தவிர்த்துவிடுங்கள்.

425-இல் முதல் இருபத்தைந்து, முப்பது நிமிடம். தோல் நிறம் பிடிக்கத் தொடங்கியதும் 325-க்கு இறக்குங்கள். காற்றாடி வைத்த ஓவனாக இருந்தால் இரண்டு இடத்திலும் 25 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் சுமார் ஒரு மணி நேரம், சில சமயம் இன்னும் கால் மணி. அரசு அட்டவணை, 325-இலேயே முழுக்க வைத்தால், நான்கு முதல் ஆறு பவுண்டுக்கு ஒன்றரையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் என்கிறது. அந்த முக்கால் மணி இடைவெளியைப் பார்த்தாலே தெரியும், கடிகாரத்தை நம்பி இதைச் சமைக்க முடியாதென்று. சூட்டை இறக்கி அரை மணி ஆனதும் முதல் முறை தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த நேரத்திலேயே இரண்டு எலுமிச்சையைக் குறுக்கே பாதியாக வெட்டி, வெட்டிய முகம் கீழே படும்படி ஒரு சிறிய வார்ப்பிரும்புச் சட்டியில் வைத்து ஓவனின் ஓரத்தில் நுழைத்துவிடுங்கள். முகம் பழுப்பாகி, சாறு கெட்டியாகி, புளிப்பின் முனை மழுங்கி வரும். இந்தப் பழுத்த சாற்றைத்தான் மேசையில் பிழியப்போகிறீர்கள்.

கால் மணிக்கொரு முறை கதவைத் திறந்து கரண்டியால் சாற்றை அள்ளி மேலே ஊற்றுவதைச் செய்யாதீர்கள். ஊற்றியது தோலின் மேல் வழிந்து ஓடும், கறிக்குள் போகாது. நனைந்த தோல் மொறுமொறுப்பை இழக்கும், திறந்த கதவு வழியே சூடும் போகும். நிறம் அதிகமாகிக்கொண்டே போனால் ஓர் அலுமினியத் தாளை மேலே தளர்வாகப் போர்த்துங்கள்.

160-இல் எடுத்து அறுக்கும் பலகையில் இருபது முதல் முப்பது நிமிடம் விடுங்கள். இறுக்கி மூடினால் ஆவியில் தோல் தொய்ந்துவிடும். அறுப்பதில் ஒரு நுணுக்கம்: மேசையில் முழுதாக வைத்து எலும்போடு சேர்த்துச் சீவுவது சினிமாவுக்குச் சரி. வீட்டில், நெஞ்செலும்பின் ஒரு பக்கமாகக் கத்தியை இறக்கி, விலா எலும்பை ஒட்டியே சீவி, ஒரு பக்கச் சதையை முழுதாகக் கழற்றுங்கள், அடுத்து மறுபக்கம். கழற்றிய சதையைக் குறுக்கே, நாருக்கு எதிராக, கால் அங்குலத்துக்குச் சற்று அதிகக் கனத்தில் துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டின் விளிம்பிலும் தோலும் வெண்ணெய்த் தழையும் இருக்கும். நாரோடு நீளவாக்கில் சீவினால், நன்றாக வெந்த கறியே வாயில் நூலாக இழுக்கும். தட்டில் அடுக்கியதும் சுட்ட எலுமிச்சையைப் பிழிந்து, பார்ஸ்லி தூவி, சில கல் உப்புப் போட்டுப் பரிமாறுங்கள்.

கிரேவிக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாத்திரத்தில் இறங்கிய சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பில் மூன்று ஸ்பூன் எடுத்து அதே அளவு மைதாவை வறுத்து, வடித்த சாறும் உப்பில்லாத கோழிச் சாறும் சேர்த்து இரண்டு கப் அளவுக்குக் கொதிக்கவிடுங்கள். இறக்கிய பிறகே எலுமிச்சை, அதுவும் அரை ஸ்பூனில் தொடங்கி. கறியிலிருந்து உப்பு இறங்கியிருக்கும் என்பதால் ருசி பார்க்காமல் உப்புப் போடாதீர்கள்.

கடைசியாகக் கேட்ட ஏர் ஃபிரையர் விஷயம். ஆறு பவுண்டு அதில் நுழையாது. எலும்பில்லாத அரை நெஞ்சு, இரண்டு மூன்று பவுண்டு, என்றால் 350-இல் நன்றாகவே வரும். முதலில் தோல் கீழாக, பிறகு திருப்பிப் போட்டு. அதே உப்பு, அதே வெண்ணெய், அதே 160. வலைப்பின்னலில் கட்டி விற்கும் எலும்பில்லாத உருளையை வாங்கினால் வெந்து ஆறும் வரை வலையை அவிழ்க்கவேண்டாம். ஸ்லோ குக்கரில் வைப்பது பற்றி என்னிடம் கேட்காதீர்கள். தோல் ரப்பராகிவிடும், கொழுப்பில்லாத கறிக்கு அந்த நீண்ட வேக்காடு தேவையும் இல்லை.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். துண்டு போடாமல் பிண்டமாக வைத்தால் காய்வது குறைவு. மறுநாள் மைக்ரோவேவில் வெறுமனே சூடாக்குவது முதல் நாள் பட்ட பாட்டையெல்லாம் வீணாக்கும். ஒரு கரண்டி கிரேவியோ கோழிச் சாறோ ஊற்றி, மூடி, சிறு தீயில் ஆவி வரும் வரை மட்டும். பிரட்டலாக்க நினைத்தால் வெங்காயம் தக்காளி மசாலாவை முழுக்க வதக்கி முடித்து அடுப்பை அணைத்துவிட்டுக் கறியைப் போட்டுக் கிளறுங்கள். அது ஏற்கெனவே வெந்தது. எலும்புக்கூட்டை எறியாமல் மிளகு, பூண்டு, சீரகம் தட்டிப் போட்டு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டால் வெள்ளிக்கிழமைக்குச் சூப் ஆயிற்று.